கட்டைவிரலைக் காட்டினேன், மேலே இழுத்துவிட்டார்கள்

கேள்வி: எனக்கு வயது 43. செம்பூரில் இருக்கிறேன், வங்கி வேலை. என் மகள் (19) போன வருடம் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டாள். "நீயும் வாங்கும்மா, ஜோடியா இறங்கலாம்" என்று ஒரே நச்சரிப்பு. சரி, பார்ப்போம் என்று கொங்கண் கரையில் இருக்கிற மால்வண் போய் ஒருமுறை இறங்கினேன். நன்றாக இருக்கிறது என்று கட்டைவிரலைக் காட்டினேன். கூட வந்த பையன் என்னை மேலே இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்! மறுபடி இறங்கினோம். கோடு போட்ட மீன்கள் கூட்டமாக மூக்குக்கு முன்னால் வந்து நின்றதும் சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மாஸ்க்குக்குள் தண்ணீர். செத்தேன் என்றே நினைத்தேன். இப்போது தீபாவளிக்கு நான்கு நாள் லீவு போட்டு அந்தமானில் கோர்ஸ் முடிக்க ஓர் இடத்தில் பேசியிருக்கிறேன். வியாழன் போய் ஞாயிறு மாலை விமானத்தில் திரும்ப வேண்டும். நீச்சல் தேவையில்லை என்கிறார்கள். எனக்கு நீச்சல் சுமார்தான். பி.பி. மாத்திரை ஒன்று சாப்பிடுகிறேன். சின்ன வயதில் வீசிங் இருந்தது. கண்ணாடி மைனஸ் 4. "இந்த வயசுல வேண்டாத வேலை" என்கிறார் வீட்டுக்காரர். நான் இதற்கு லாயக்கா, இல்லையா?
— ஒரு வாசகி, செம்பூர், மும்பை

அன்புள்ள சகோதரிக்கு,

லாயக்கா என்ற கேள்வியில் பாதிக்கு டாக்டர்தான் பதில் சொல்ல வேண்டும். மீதிப் பாதி டைவிங் சொல்லித்தருகிற என்னுடையது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் பயத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. குறை உங்கள் லீவு லெட்டரில்தான் இருக்கிறது. நான்கு நாள் போதாது.

மால்வணில் உங்களுக்குக் கிடைத்தது பயிற்சி அல்ல, சவாரி. சிந்துதுர்க் கோட்டைப் பக்கம் படகில் கூட்டிப்போய், சிலிண்டரை மாட்டி, பின்னாலிருந்து ஒருவர் உங்களைப் பிடித்துக்கொண்டே தள்ளிப்போவார். காற்று எவ்வளவு மிச்சம், எந்த ஆழம், எப்போது மேலே போவது, எல்லாம் அவர் கணக்கு. உங்கள் வேலை மூச்சு விடுவதும் மீன் பார்ப்பதும். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அதை வைத்து உங்களுக்கு நீங்களே மார்க் போட்டுக்கொள்ளக் கூடாது. சொல்லித்தராத பாடத்தில் ஃபெயில் ஆனதாக வருத்தப்படுகிறீர்கள்.

அந்தப் பையன் செய்தது சரி. தண்ணீருக்குள் கட்டைவிரலை உயர்த்தினால் "மேலே போவோம்" என்று அர்த்தம். ஏன், எதற்கு என்று கேள்வி கிடையாது. ஒருவர் காட்டினால் இருவரும் ஏற வேண்டும். "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் நாள் முழுக்கக் கட்டைவிரல் அனுப்பிப் பழகிய கை ஆயிற்றே, என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் முதல் நாள் இதைத்தான் செய்கிறார்கள்.

தண்ணீர் ஏன் உள்ளே வந்தது என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சிரித்தீர்கள். கண்ணாடி முன் நின்று சிரித்துப் பாருங்கள். மூக்கின் இரண்டு பக்கமும் வாய் வரை ஒரு மடிப்பு விழும். மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு உட்கார்ந்திருப்பது அந்த இடத்தில்தான். மடிப்பு விழுந்தால் அங்கே ஒரு கால்வாய் திறந்துவிடுகிறது. முன்நெற்றி முடி நான்கு இழை விளிம்புக்கு அடியில் மாட்டியிருந்தாலும் இதே கதைதான். காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு மாஸ்க் வழுக்கிக்கொண்டே இருக்கும். என் முதல் வருடத்தில் ஓர் அம்மாவுக்கு மூன்று மாஸ்க் மாற்றிப் பார்த்தேன், மூன்றும் ஒழுகின. கடைசியில் முகத்தை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். பிரச்சினை தீர்ந்தது.

ஆக, மாஸ்க்குக்குள் தண்ணீர் வருவது விபத்தே இல்லை. அது டைவிங்கில் அன்றாடம். எனக்கு இன்றைக்கும் வரும். மாஸ்க்கின் மேல் சட்டத்தை நெற்றியோடு சேர்த்து அழுத்தி, முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி, மூக்கு வழியாக மெல்ல ஊதினால் போதும். காற்று மேலே நிறையும், தண்ணீர் கீழ் விளிம்பு வழியாக வெளியேறும். அரை மூச்சு வேலை. உங்களைப் பதற வைத்தது தண்ணீர்கூட இல்லை, தண்ணீரில் நனைந்த மூக்கு. வாயில் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) இருக்கிறது, காற்று தாராளமாக வந்துகொண்டிருக்கிறது. ஆனால் மூக்கில் தண்ணீர் பட்டதும் உடம்பு, "வாசல் அடைத்தாயிற்று" என்று முடிவுகட்டி மூச்சையே நிறுத்தப் பார்க்கிறது. இதை வாதம் செய்து மாற்ற முடியாது, பழக்கித்தான் மாற்ற வேண்டும். அதற்குக் கடல் வேண்டாம், குளியலறை வாளி போதும்.

ஒரு ஸ்டூலில் வாளியை வைத்துக் குளிர்ந்த தண்ணீர் நிரப்புங்கள். விளையாட்டுச் சாமான் கடையில் ஸ்நார்க்கெல் குழாய் ஒன்று வாங்கி வாயில் கவ்விக்கொள்ளுங்கள். மாஸ்க் வேண்டாம். முகத்தைத் தண்ணீரில் வைத்து, குழாயின் மேல் நுனி வெளியே நிற்கும்படி, வாயால் மட்டும் மூச்சு விடுங்கள். முதல் நாள் மூக்கைக் கையால் பிடித்துக்கொள்ளலாம். அடுத்த நாள் கையை எடுங்கள். நாலைந்து மூச்சுக்குள் தலை தானாக வெளியே வந்துவிடும், வரட்டும். மறுபடி வையுங்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று ஏற்றிக்கொண்டே போய், மூன்று நிமிடம் நிதானமாக இருக்க முடிந்த பிறகு, வாயால் இழுத்து மூக்கால் குமிழி விட்டுப் பழகுங்கள். வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். மாட்டுங்காவில் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பத்து ராத்திரி இதைச் செய்தார். "தாத்தா வாளிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு என்ன பண்றாரு" என்று பேரன் அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டானாம். பதினோராம் நாள் நீச்சல் குளத்தில் அவர் மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அடியில் மண்டியிட்டு ஒரு நிமிடம் மூச்சு விட்டார். அது கோர்ஸில் எல்லோரும் செய்தாக வேண்டிய பயிற்சி. அந்தமானில் நான்கு நாள் திட்டத்தில் உங்களுக்கு அதற்குக் கிடைக்கப்போவது ஒரு காலை நேரம்தான்.

இனி கோர்ஸ் என்றால் என்ன என்று பார்ப்போம். ஆரம்ப நிலைச் சான்றிதழுக்கு ஓபன் வாட்டர் டைவர் என்று பெயர். அதைத் தருகிற அமைப்புகளில், அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய பேடி (PADI), 1970-இல் வந்த எஸ்எஸ்ஐ (SSI), இரண்டும்தான் நம் பக்கம் அதிகம் கேள்விப்படுவது. (பேடி என்றால் தமிழில் கோழை. வகுப்பில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிச் சிரிக்காமல் ஒரு பேட்ச்கூட முடிந்ததில்லை.) எதில் வாங்கினாலும் உலகம் முழுக்கச் செல்லும், எது உசத்தி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கோர்ஸ் மூன்று துண்டு. பாடம் வீட்டிலிருந்தே போனில் படித்துவிடலாம். அடுத்தது குளத்துப் பயிற்சி. கடைசியாகக் கடலில் நான்கு டைவ், குறைந்தது இரண்டு நாளில். முடித்தால் உங்களைப் போலவே சான்றிதழ் உள்ள ஒரு ஜோடியோடு 18 மீட்டர் வரை இறங்கலாம் என்று அட்டை சொல்லும்.

முதலில் ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். முதுகில் இருப்பது ஆக்சிஜன் சிலிண்டர் அல்ல. பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். உள்ளே இருப்பது நாம் இங்கே சுவாசிக்கிற அதே காற்றை வடிகட்டி அழுத்தி அடைத்தது. 21 சதவீதம் ஆக்சிஜன், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். சுத்த ஆக்சிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பே வரலாம். சாதாரண சிலிண்டர் 11 லிட்டர் கொள்ளளவு. அதில் 200 பார் அழுத்தத்தில் சுமார் 2,200 லிட்டர் காற்று. நிதானமான ஆளுக்கு 10 மீட்டர் ஆழத்தில் 40 நிமிடம் வரும். பதறினால் அதே சிலிண்டர் பாதி நேரத்தில் காலி.

எனக்கு ஊர் தூத்துக்குடி. தாராவியில் வளர்ந்தாலும் கோடை விடுமுறைக்கு அங்கேதான் போவோம். முத்துக்குளித்தவர்கள் கதையைக் கேட்டே வளர்ந்தேன். கல்லைக் கயிற்றில் கட்டி இறங்குவார்கள், மூச்சை அடக்குவார்கள், எவ்வளவு நேரம் அடக்கினான் என்பதுதான் அந்த ஆளின் பெருமை. அதனால் இந்தத் தொழிலுக்கு வந்தபோது முதல் பாடமே எனக்குத் தலைகீழாக இருந்தது: மூச்சை அடக்காதே, ஒருபோதும் அடக்காதே. காரணம் எளிது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். வாயை மூடிக்கொண்டு ஏறினால் அது நுரையீரலைக் கிழித்துக்கொண்டுதான் வழி தேடும். முத்துக்குளிப்பவர் மேலேயே மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினார். திரும்பி வந்தால் அது பழைய அளவுக்கே வரும், அவ்வளவுதான். சிலிண்டர் போட்டவருக்கு அந்தச் சலுகை கிடையாது. நாலடித் தண்ணீரில்கூட இந்தக் காயம் ஏற்படலாம், குளம்தானே என்று நினைக்கக் கூடாது. மால்வணில் நீங்கள் பதறியபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். அந்தப் பையன் பிடியை விடாமல் இருந்ததற்கு அவனுக்கு ஒரு கும்பிடு.

காது விஷயம் இதற்குத் தம்பி. கண்டாலா மலைப்பாதையில் பஸ் இறங்கும்போது காது அடைக்குமே, அதேதான், ஆனால் பலமடங்கு வேகத்தில். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைத் திறந்துவிட வேண்டும். வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்னால், மீட்டருக்கு ஒருமுறையாவது. திறக்கவில்லையா, கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயல வேண்டும். சளி இருந்தால் அன்றைக்கு இறங்கவே கூடாது. காசு கட்டியாயிற்றே என்று மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், கீழே இருக்கும்போதே மருந்தின் வீரியம் இறங்கி, மேலே வரும்போது காது மாட்டிக்கொள்ளும். நான்கு நாள் லீவில் இன்னொரு சிக்கல் இதுதான். ஒரு நாள் சளி பிடித்தால் திட்டம் மொத்தமும் போச்சு, அப்போது மனது பொய் சொல்லத் தொடங்கும்.

பொய் என்றதும் டாக்டர் விஷயம். கோர்ஸில் சேரும்போது ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். மூச்சு, இதயம், காது, வலிப்பு, மாத்திரைகள் என்று வரிசையாகக் கேள்விகள். சிலவற்றுக்கு "ஆம்" என்றாலே டாக்டர் கையெழுத்து வேண்டும். நீங்கள் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அதனாலேயே வேண்டும். "எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு டிக் பண்ணிடுங்க மேடம், டைம் வேஸ்ட்" என்று கவுன்டரில் சொல்வார்கள். என் முன்னாலேயே சொல்லியிருக்கிறார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மேடத்துக்கு ஏதாவது ஆனால் அந்தப் படிவத்தைத்தான் தூக்கிக் காட்டுவார்கள், "இவங்களே எழுதிக் கொடுத்தாங்க" என்று.

டாக்டரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, பி.பி. கட்டுக்குள் இருக்கிறதா, எந்த மாத்திரை. ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்களுக்குத் தண்ணீருக்குள் நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். சிலவகை மாத்திரைகள் வேகமாக நீந்த வேண்டிய நேரத்தில் இதயத்தை வேகமெடுக்க விடாது. அவர் ஈசிஜி எடுக்கச் சொல்லலாம், டிரெட்மில்லில் ஓடச் சொல்லலாம்; முனகாமல் செய்யுங்கள். இரண்டாவது, சின்ன வயது வீசிங். கடைசியாக எப்போது வந்தது, மழைக்காலத்தில் வருகிறதா, தூசியில் வருகிறதா, மாடி ஏறினால் வருகிறதா என்று எழுதிக்கொண்டு போங்கள். மூச்சுக்குழல் சுருங்கினால் காற்று உள்ளே சிறைப்படும். மேலே வரும்போது சிறைப்பட்ட காற்று விரியும். மேலே சொன்ன அதே கதைதான், நீங்கள் வாயைத் திறந்து வைத்திருந்தாலும் நடக்கும். சின்ன வயதோடு போய்விட்ட வீசிங் என்றால் பலருக்கும் அனுமதி கிடைக்கிறது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் ஊதிப் பார்க்கும் டெஸ்ட் எடுத்த டாக்டர், நானும் இல்லை உங்கள் மகளும் இல்லை. மூன்றாவது, மால்வணில் பதறியது. அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

ஒருமுறை படகில் ஒருவர் பையிலிருந்து சோப்பு டப்பா எடுக்கும்போது இன்ஹேலர் உருண்டு என் காலடியில் விழுந்தது. படிவத்தில் "இல்லை". மனிதர் நல்லவர், மனைவியின் பிறந்தநாள் பரிசாக இருவருக்குமாகப் பணம் கட்டியிருந்தார். அன்று அவரைப் படகிலேயே உட்கார வைத்தேன். இரண்டு மணி நேரம் என்னோடு பேசவில்லை. இப்போதும் பேசுவதில்லை.

நீச்சல் தேவையில்லை என்பது சவாரிக்குச் சரி, சான்றிதழுக்குத் தப்பு. பேடி விதிப்படி நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும் (அல்லது மாஸ்க், காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸ், ஸ்நார்க்கெலோடு 300 மீட்டர்), பிறகு 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். நேரக்கணக்கு கிடையாது, ஸ்டைலும் கேட்க மாட்டார்கள். நாய் நீச்சல் அடித்தாலும் சரி. இதைக் கேட்காமலேயே அட்டை தருகிறேன் என்கிறவர் வேறு எதையெல்லாம் விட்டுவிடுவார் என்று யோசியுங்கள். செம்பூரிலேயே மாநகராட்சி நீச்சல் குளம் இருக்கிறது. காலை பேட்ச்சில் இரண்டு மாதம் போங்கள். 50 மீட்டர் குளத்தில் நான்கு நீளம் நீந்தி, மூச்சு வாங்காமல் பக்கத்து லேன்காரரிடம் பேச முடிந்தால் நீங்கள் தயார்.

கண்ணாடிக்குக் கவலையே வேண்டாம். பவர் லென்ஸ் போட்ட மாஸ்க் கிடைக்கிறது. சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டும் இறங்கலாம். தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதால் கொஞ்சம் குறைவான பவரே போதும் என்பார்கள் சிலர்.

இப்போது நாள் கணக்கு. வியாழன் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) போய்ச் சேர்ந்து, அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக், அதாவது ஸ்வராஜ் தீவு, போகும்போதே பொழுது சாய்ந்துவிடும். வெள்ளி குளம் அல்லது கரையோரம். சனி இரண்டு டைவ், ஞாயிறு காலை இரண்டு. ஞாயிறு மாலை விமானம். தாளில் அழகாக உட்காருகிறது. ஆனால் ஆழத்தில் அழுத்தத்தில் சுவாசித்த நைட்ரஜன் உடம்புத் திசுக்களில் கரைந்திருக்கும். சோடா பாட்டிலில் கரைந்த வாயுபோல. மெதுவாக வெளியேற நேரம் தர வேண்டும். அதற்குள் விமானத்தில் ஏறினால், கேபினில் அழுத்தம் குறைவு, மூடியைத் திறந்த கதைதான். மூட்டுவலியில் தொடங்கிக் கால் மரத்துப்போவது வரை எதுவும் நடக்கலாம். பல நாள், பல டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது கணக்கு. ஞாயிறு காலை 10 மணிக்குக் கடைசி டைவ் முடித்தால் திங்கள் அதிகாலை 4 மணி வரை நீங்கள் தரையில்தான். உங்களுக்கு இதைச் சொல்லாமலே ஞாயிறு மாலை டிக்கெட் போடச் சொன்னார்களே, அந்த ஓர் இடத்திலேயே அவர்களைப் பற்றி எனக்குப் புரிந்துவிட்டது.

நான் சொல்வது இது. பாடத்தை இப்போதே வீட்டில் தொடங்குங்கள். நீச்சலும் வாளியும் கூடவே ஓடட்டும். குளத்துப் பயிற்சியை மும்பையிலேயே இரண்டு மூன்று வார இறுதிகளில் முடியுங்கள். (நானே மும்பையில் குளத்தில் கற்றுத்தந்து பிழைக்கிறவன், என் வியாபாரத்துக்குச் சொல்கிறேன் என்று தோன்றினால் வேறு யாரிடமாவது போங்கள், ஆனால் இங்கேயே செய்யுங்கள்.) முடித்ததும் ஒரு சான்று தருவார்கள், பேடியில் அது 12 மாதம் செல்லும். அதை எடுத்துக்கொண்டு கடல் டைவ்களை வேறு ஊரில், வேறு பயிற்சியாளரிடம் முடிக்கலாம். ஏன் மும்பைக் கடலிலேயே கூடாது என்று கேட்காதீர்கள், சுற்றிலும் முகத்துவாரமும் சேறுமாக இருக்கிற தண்ணீரில் நீட்டிய கையே உங்களுக்குத் தெரியாது.

கடல் டைவ்களுக்கு என் ஓட்டு கொங்கண் கரைக்கே. மால்வண், தார்கர்லி பக்கம் நவம்பருக்குப் பிறகு, வெள்ளி இரவு ரயில் ஏறினால் காலையில் குடால் ஸ்டேஷன். சனி இரண்டு, ஞாயிறு இரண்டு, ஞாயிறு இரவு ரயிலில் திரும்பி திங்கள் ஆபீஸ். அந்தமான் அளவுக்குத் தெளிவு இருக்காது, ஆனால் கொஞ்சம் கலங்கலில் கற்றுக்கொண்டவருக்குத் தெளிந்த கடல் பரிசு. தெளிவில் மட்டுமே கற்றவர் கலங்கலைப் பார்த்ததும் திணறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொரு வசதி, கொங்கண் ரயில் கரையோரமாகவே வருகிறது. காரில் வருகிறோம் என்று அம்போலி மலைப்பாதை ஏறி கோலாப்பூர் வழியாகத் திரும்பினால் அதுவும் உயரம்தான், விமானத்தின் சின்னத் தம்பி. பெங்களூர் வாசகர்கள் முர்தேஷ்வர் போய் நேத்ராணித் தீவில் டைவ் செய்துவிட்டு அன்று இரவே பஸ் ஏறுகிறார்கள். பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிறது என்பதை யாரும் நினைப்பதே இல்லை. ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

எங்கே போனாலும் பணம் கட்டுவதற்கு முன் போனில் கேளுங்கள்: கடலில் என்னோடு இறங்கப்போகிற பயிற்சியாளர் யார், அவரோடு இப்போது பேச முடியுமா, ஒருவருக்கு எத்தனை மாணவர்கள். விதி எட்டுப் பேர் வரை அனுமதிக்கிறது. உங்களுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். "நாள் இழுத்தால் கூடுதல் பணமா" என்றும் கேளுங்கள். அங்கே தடுமாறுகிற குரலைக் கவனியுங்கள்.

கடைசியாக உங்கள் மகள். ஜோடியாக இறங்குவது என்பது அவளுக்கு ஆசை, உங்களுக்கும் ஆசை என்று கடிதத்தின் சந்தில் தெரிகிறது. ஆனால் அட்டை வாங்கிய மறுநாளே நீங்கள் இருவர் மட்டும் இறங்கக் கூடாது. விதி அனுமதிக்கும், நான் அனுமதிக்க மாட்டேன். டைவ் ஜோடி என்பது, உங்கள் காற்று தீர்ந்தால் தன் சிலிண்டரிலிருந்து தருகிறவர். உங்கள் மாஸ்க்கில் தண்ணீர் வந்து நீங்கள் மேலே பாயப் பார்த்தால் தோளைப் பிடித்து நிறுத்தி, கண்ணைப் பார்த்து, மூச்சு விடச் சொல்கிறவர். 19 வயதுப் பெண் அம்மா பதறுவதைப் பார்த்தால் அவளும் பதறுவாள். அம்மாவோ மிச்சக் காற்றைக் காட்டுகிற தன் கேஜைப் பார்ப்பதை விட்டுவிட்டு மகளின் கேஜையே பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதல் இருபது டைவ் வரை கூடவே ஒரு வழிகாட்டி இருக்கட்டும். கோர்ஸ் சமயத்திலும் அவளை அதே குழுவில் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம், போன வருடம் சான்றிதழ் வாங்கியவள் அதற்குப் பிறகு இறங்கினாளா? இல்லையென்றால் அவளுக்கும் ஒரு நாள் குளத்தில் மறுபயிற்சி வேண்டும். அட்டைக்குக் காலாவதி கிடையாது, பழக்கத்துக்கு உண்டு. நீங்கள் குளத்துக்கு வரும் ஞாயிறு ஒன்றில் அவளையும் கூட்டிவாருங்கள். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மூச்சு விடச் சொல்வோம். யார் முதலில் தலையைத் தூக்குகிறார்கள் என்று பார்க்க வீட்டுக்காரரையும் கரையில் உட்கார வைக்கலாம்.

ஸ்நார்க்கெல் வாங்கும்போது நுனியில் வால்வு, பந்து எல்லாம் வைத்த விலை கூடியது வேண்டாம். ஒரே வளைவுள்ள சாதாரணக் குழாய் கேளுங்கள்.